தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிய பங்கு மக்கள்

யூபிலி ஆண்டு என்றதும் நாம் எல்லாரும் பழைய கணக்குகளைப் புரட்டத் தொடங்கிவிட்டோம். கோயிலுக்கு அடிக்கல் நாட்டியது எப்போது, மணிக்கூண்டு எழும்பியது எப்போது, எந்தெந்தக் குருக்கள் இங்கே பணியாற்றிச் சென்றார்கள், சப்பரத்துக்கு மரம் கொடுத்தவர் யார் என்பனவெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது தொலைவில் உள்ள வேறொரு நாட்டுப் பங்கு மக்களின் வரலாறு. ஆயினும் அதுவும் ஒரு யூபிலியிலேதான் தொடங்குகிறது.

1927-ம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1-ம் நாள். கனடா நாடு கூட்டாட்சியாக அமைந்து 60 ஆண்டுகள் நிறைவெய்தியதை முன்னிட்டு நாடெங்கும் வைரவிழாக் கொண்டாட்டம். அந்நாட்டின் கிழக்கே, அட்லாண்டிக் மாகடல் ஓரத்தில் நோவா ஸ்கோஷியா என்னும் மாநிலம் உள்ளது. அதன் கோடியில் கான்சோ என்றொரு மீனவர் ஊர். அன்று அவ்வூர் மீனவர்கள் கூடினார்கள். விழாக் கொண்டாட அல்ல. ‘நாங்கள் கொண்டாடுவதற்கு இந்நாட்டில் எங்களுக்கு என்ன இருக்கிறது?’ என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது. பிடித்த மீனுக்கு வியாபாரி வைத்ததே விலை. தூண்டிலும் வலையும் வாங்குவதும் அதே வியாபாரியிடம் கடனுக்கு. இதற்கு மேலே, நீராவியால் ஓடும் பெரிய இழுவைக் கப்பல்கள் வேறு வந்து கடலை வாரிக்கொண்டு போயின. இழுவைப் படகு என்ற சொல் நம் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. ஆகவே இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அம்மீனவர்களின் குரல் செய்தித்தாள்களில் வெளிவந்தது. குருக்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் கனடா அரசு, மீனவர் நிலையை ஆராய நீதிபதி மக்ளீன் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கேள்வி கேட்ட அந்த மீனவர்களின் பங்குத் தந்தை அருட்திரு ஜேம்ஸ் தாம்கின்ஸ் அடிகளார். மக்கள் அவரை ‘ஜிம்மி சாமியார்’ என்றே அழைத்தனர்.

தாம்கின்ஸ் அடிகள் 1870-ல் கேப் பிரிட்டன் தீவில் மார்கரீ என்னும் சிற்றூரில் பிறந்தவர். மெலிந்த, சிறிய உருவம். ஆன்டிகோனிஷ் ஊரில் உள்ள தூய சவேரியார் பல்கலைக் கழகத்தில் பல ஆண்டுகள் துணைத் தலைவராக இருந்தவர். ஆம், 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணலில் கால்சுட நடந்து, நம் முன்னோர்க்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியாரின் பெயரைத் தாங்கியதே அக்கல்வி நிலையம். படிப்பு என்பது பல்கலைக் கழகத்து மதிலுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது, வலை இழுப்பவனுக்கும் மண் கிண்டுபவனுக்கும் அது போய்ச்சேர வேண்டும் என்பது தாம்கின்ஸ் அடிகளின் தீராத எண்ணம். 1921-ல் ‘மக்களுக்கு அறிவு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு குளிர்காலத்தில் உழவர் மக்கள் சுமார் 50 பேரைப் பல்கலைக் கழகத்துக்கே வரவழைத்துப் பாடம் நடத்தச் செய்தார்.

பிறகு வந்தது சோதனை. அப்பகுதியிலிருந்த பல கல்லூரிகளை ஒன்றாக இணைப்பதென ஒரு திட்டம் எழுந்தது. தாம்கின்ஸ் அடிகள் அதை ஆதரித்தார். ஆயர் மோரிசன் ஆண்டகை அதை ஏற்கவில்லை. 1922-ம் ஆண்டு முடிவில் அடிகளார் கான்சோவுக்கு மாற்றப்பட்டார். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றல். கான்சோவில் தண்ணீருக்கு மட்டும் குறைவில்லை; மற்ற எல்லாவற்றுக்கும் குறைவு! அப்போது அவருக்கு வயது 52. ஆயரின் செயல் சரியா தவறா என்று நூறாண்டுக்குப் பின் தீர்ப்புக் கூற நாம் யார்? ஆனால் ஒன்று சொல்லலாம். பல்கலைக் கழகத்திலேயே இருந்திருந்தால் படிப்பைப் பற்றிப் பேசியிருப்பார். கான்சோவில்தான் அவர் பசியைப் பார்த்தார்.

கான்சோவை அடுத்து லிட்டில் டோவர் என்ற ஒரு சிறு குடியிருப்பு அவருடைய கிளைப் பங்காக இருந்தது. பாறை நிலம். பசு வளர்க்கப் புல் இல்லாததால் குழந்தைகளுக்குப் பாலும் இல்லை. அடிகளார் ஆடு வளர்க்கும் யோசனையைக் கொண்டுவந்து அதற்கு வழியும் செய்தார். சிங்கி இறால் அங்கே நிறையக் கிடைக்கும். ஆனால் அதைப் பதப்படுத்தி டப்பியில் அடைப்பவர்களே கொழுத்தார்கள், பிடிப்பவன் மெலிந்தான். ‘நீங்களே ஒரு தொழிற்சாலை கட்டினால் என்ன?’ என்றார் அடிகள். கட்டுவதற்குப் பணம்? கொஞ்சம் கடன் வாங்கினார்கள். மரம்? காட்டுக்குப் போய்த் தாங்களே வெட்டினார்கள். வேலை? தாங்களே செய்தார்கள். எழுத்தறிவு குறைந்த அந்த ஏழை மீனவர்கள் கட்டிய அச்சிறு தொழிற்சாலை நடக்கும் என்று சுற்றுப்புறத்தார் பலர் நம்பவில்லை. நடந்தது.

இதற்கிடையில் ஆன்டிகோனிஷ் பல்கலைக் கழகமும் கண் திறந்தது. 1928-ல் மக்கள் கல்விக்கென ஒரு தனித் துறை நிறுவ முடிவாயிற்று. அதன் இயக்குநராக அமர்ந்தவர் அருட்திரு மோசஸ் கோடி அடிகளார். தாம்கின்ஸ் அடிகளுக்கு உறவில் தம்பி முறை. 1882-ல் அதே மார்கரீப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். ஆனால் உருவத்தில் நேர் எதிர்: ஆறடிக்கு மேல் உயரம், மலைபோன்ற உடல், மன்றத்தின் கடைசிப் பெஞ்சு வரை கேட்கும் குரல். கோடி அடிகள் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் கூட்டுவார். பேசி முடித்ததும், கைதட்டிக் கலைந்துபோக விடமாட்டார். ஐந்து பேர், ஏழு பேர், பத்துப் பேர் என்று அண்டை வீட்டாரைக் குழுக்களாகப் பிரித்துவிட்டே கிளம்புவார். இக்குழுக்களே படிப்பு வட்டங்கள். வாரம் ஒருநாள் இரவு யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில் கூடுவார்கள். பல்கலைக் கழகத்திலிருந்து வரும் துண்டுப் பிரசுரத்தை எழுத்துக் கூட்டியாவது வாசிப்பார்கள். நம் மீன் எங்கே போகிறது, நாம் வாங்கும் மாவு எங்கிருந்து வருகிறது, இடையில் எத்தனை கை மாறுகிறது என்று கணக்குப் போடுவார்கள். 1930-களின் நடுவில் இப்படிப்பட்ட வட்டங்களில் சேர்ந்தோர் தொகை 10,000 அளவுக்கு வந்துவிட்டது. வட்டங்களிலிருந்து சிக்கன நாணயச் சங்கங்கள் பிறந்தன. வாரம் 25 சென்ட் என்று போட்டுப் போட்டுத் தங்களுக்கென ஒரு சிறு வங்கியையே உண்டாக்கிக்கொண்டார்கள்.

பெண்களை மறந்துவிடக்கூடாது. மார்த்தா சபைக் கன்னியர் என்றொரு சபை ஆன்டிகோனிஷில் 1900-ல் தொடங்கியது. பல்கலைக் கழகத்தின் சமையலையும் வீட்டு வேலைகளையும் கவனிப்பதற்காகவே தொடங்கப்பட்டது. அந்தச் சமையலறைச் சகோதரிகளின் சபையிலிருந்து மக்கள் கல்வித் துறைக்குச் சிலர் வந்தார்கள். நெசவு, தையல், காய்கறித் தோட்டம், சத்துணவு, பழங்களைக் கெடாமல் பதப்படுத்துதல் என்று பெண்களுக்கான வட்டங்களை அவர்கள் நடத்தினர். வீட்டுச் செலவு கையில் இருப்பது பெண்களிடம். அவர்களுக்கு விளங்காத எந்தச் சங்கமும் நிலைக்காது என்பதை அவ்வியக்கத்தார் சீக்கிரமே கண்டுகொண்டனர். நம் ஊர்ச் சங்கங்கள் இதைக் கண்டுகொள்ள இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த ஊருக்கு வருவோம். 1935-ல் தாம்கின்ஸ் அடிகளுக்கு மீண்டும் மாற்றல். இம்முறை கேப் பிரிட்டன் தீவில், ரிசர்வ் மைன்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர். அறுபத்தைந்து வயதுக் கிழவர் வந்ததும் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, தம் பங்கு வீட்டின் முன்னறையைப் புத்தகசாலை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் வரலாம், எடுத்துப் போகலாம். வேலை முடிந்து கரிமுகத்தோடு வீடு திரும்பும் தொழிலாளியை வழிமறித்து, கையில் ஒரு புத்தகத்தைத் திணித்து அனுப்புவார் அடிகள்.

அவ்வூர் மக்கள் குடியிருந்தவை கம்பெனி வீடுகள். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம், நடுவில் ஒரு சுவர். நம் மலைத்தோட்ட லயன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாடகை சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும். முற்காலத்தில் கடையும் கம்பெனிக் கடையே. உப்பு முதல் செருப்பு வரை அங்கேயே கடனுக்கு வாங்கி, சம்பள நாளில் வெறுங்கையோடு திரும்பியவர் பலர். 1925-ல் நடந்த நெடிய வேலைநிறுத்தத்தின் போது மக்கள் ஆத்திரம் தாங்காமல் அக்கடைகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். கடை போயிற்று, வீடு கம்பெனியிடமே இருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சமும் இருந்தது.

அவ்வூர்த் தொழிலாளர் சிலர் அடிகளிடம் வந்து, எங்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்றார்கள். இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். நல்ல மனம் கொண்ட ஒரு பங்குத் தந்தை என்ன செய்வார்? வெளிநாட்டுக்கு எழுதிப் பணம் திரட்டுவார்; ஆயரிடம் கேட்பார்; பத்து வீடு கட்டிப் பத்துப் பேருக்குச் சாவி கொடுப்பார்; புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை, அவ்வாறு கிடைத்த கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. தாம்கின்ஸ் அடிகள் அதைச் செய்யவில்லை. முதலில் படியுங்கள் என்றார். வீடு கேட்டு வந்தவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்தார்!

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வட்டமானார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் ஜோ லேபன் என்னும் சுரங்கத் தொழிலாளி. வீடு கட்ட நீண்ட தவணையில் கடன் தரும் சட்டம் ஒன்று மாநிலத்தில் 1932 முதலே இருந்தது. ஆனால் முழுச் செலவும் கிடைக்காது. ஒரு பங்கைக் கட்டுகிறவரே போடவேண்டும். அன்றாடங்காய்ச்சிக்கு அந்தப் பங்கு எங்கிருந்து வரும்? இதனால் சட்டம் ஏட்டளவில் இருந்தது. வட்டத்தார் சட்டத்தையும் படித்தார்கள், தங்களையும் எண்ணிப் பார்த்தார்கள். தங்களிடம் இல்லாதது பணம். இருப்பது இரண்டு கை. அந்த உழைப்பையே தங்கள் பங்காக மதிப்பிட்டுக் கணக்கில் சேர்த்தால் என்ன என்பதே அவர்கள் கண்ட வழி. அரசும் அதற்கு இசைந்தது. இந்த இசைவை நாம் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. கூலியில்லாமல் செய்யும் வேலையை இலவசம் என்கிறோம். அங்கே அது மூலதனம் என்று ஏட்டில் எழுதப்பட்டது.

1937-ல் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து மேரி ஆர்னால்டு என்னும் அம்மையார் அவ்வூருக்கு வந்தார். அறுபதைக் கடந்தவர், நியூயார்க் நகரில் கூட்டுறவு உணவகங்களையும் கூட்டுறவுக் குடியிருப்பையும் நடத்திப் பழகியவர். வந்தவர் அங்கேயே தங்கி வட்டத்தாரோடு அமர்ந்துவிட்டார். செங்கல் விலை, மரத்தின் விலை, ஆணியின் எடை, அஸ்திவாரத்தின் ஆழம் என்று ஒவ்வொன்றும் பாடமாயிற்று. பிறகு ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டை அட்டையில் வெட்டி ஒட்டிச் சிறு மாதிரி செய்தது. பெரியவர்கள் அட்டை வீடு ஒட்டுவதைப் பார்த்து ஊரில் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் காகிதத்தில் கோடு கிழித்த வரைபடம் எல்லாருக்கும் விளங்காது. அட்டை வீட்டின் முன் அமர்ந்த இல்லத்தரசிக்கு, அடுப்பு எங்கே, சன்னல் எங்கே, மாடிப்படி எந்தப் பக்கம் என்பது உடனே விளங்கும். மாற்றுவதும் எளிது, கத்தரிக்கோல் போதும். சுவர் எழும்பியபின் மாற்றினால் என்ன செலவாகும் என்பது வீடு கட்டிய நம் எல்லாருக்கும் தெரியும்.

1938-ல் கட்டடம் தொடங்கிற்று. நிலத்தடியில் கரி வெட்டிவிட்டு மேலே வந்தவர்கள், பொழுதிருக்கும்வரை மண்வெட்டியும் சுத்தியலும் பிடித்தார்கள். எல்லாரும் எல்லார் வீட்டிலும் உழைத்தனர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் தம் வீட்டுக்கு மட்டும் ஆணி அடிக்க முடியாது. அடுத்தவர் வீட்டுக்கும் அஸ்திவாரம் தோண்டவேண்டும். அந்நாட்டு வீடு மரவீடு. பனிக்காலத்துக்குமுன் கூரை ஏறிவிட வேண்டும். சுவருக்குள் குளிர் புகக்கூடாது. தச்சு வேலையும் மின்கம்பி இழுப்பதும் அவர்களில் பலருக்குப் புதிது. தெரிந்தவரிடம் கேட்டும், தவறிப்போனதைப் பிடுங்கித் திரும்ப அடித்தும் கற்றுக்கொண்டார்கள். தொழிலாளர் வீடுகள் பத்து, ஆர்னால்டு அம்மையாருக்கு ஒன்று, ஆக மொத்தம் பதினொரு வீடுகள் எழும்பின. வீட்டைச் சுற்றித் தோட்டம் போட நிலமும் இருந்தது. அக்குடியிருப்புக்கு அவர்கள் தாம்கின்ஸ்வில் எனத் தங்கள் பங்குத் தந்தையின் பெயரையே சூட்டினார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வழக்கம் அடியோடு இல்லாததன்று. பனையோலைக் கூரைகள் இருந்த காலத்தில், ஐப்பசி மழைக்கு முன் ஒரு வீட்டில் கூரை வேய்கிறார்கள் என்றால் அண்டை வீட்டார் நாலு பேர் தாமாக வந்து நின்றதை நம்மில் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஓலை மிதித்து வைப்பார் ஒருவர், நார் கிழிப்பார் ஒருவர், ஏணியில் ஏறுவார் ஒருவர். கூலி கிடையாது, மதியம் ஒருவேளைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். ஓடும் கான்கிரீட்டும் வந்தபின் கூரையோடு அந்த நாலு பேரும் போய்விட்டார்கள். கோயில் திருப்பணி என்று மணி அடித்தால் இன்றும் வீட்டுக்கொரு ஆள் வருகிறார்கள், அதில் நமக்குப் பெருமையே. ஆனால் அடுத்த தெரு விதவையின் வீட்டுச் சுவர் மழையில் விழுந்தால் மணி அடிப்பதில்லை. இம்மலரில் நன்கொடையாளர் பட்டியல் உள்ளது. கோயில் வரவு செலவு உள்ளது. ஒழுகும் கூரை நம் பங்கில் எத்தனை என்ற கணக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. கணக்கெடுக்க யாருக்கும் தோன்றவில்லை, கட்டுரை எழுதும் நமக்கும் இதை எழுதும்வரை தோன்றவில்லை.

ரிசர்வ் மைன்ஸ் வரலாற்றைப் பொன்முலாம் பூசிச் சொல்லவும் நாம் விரும்பவில்லை. வீடு கட்டியவை பத்துக் குடும்பங்கள். அவ்வூரில் இருந்தவை அதைப்போல் பன்மடங்கு. மாதத் தவணை கட்ட நிலையான சம்பளம் வேண்டும்; ஆகவே மிகவும் வறியவர் வரிசைக்கு வெளியே நின்றார்கள். சொந்த வீடு சுரங்கத்தைப் பாதுகாக்கவும் இல்லை. கேப் பிரிட்டனில் நிலக்கரித் தொழில் தேய்ந்துகொண்டே வந்து, அரசு நிறுவனம் நடத்திய கடைசிச் சுரங்கமும் 2001-ல் மூடப்பட்டது. இளைஞர் பலர் பிழைப்புத் தேடித் தொலைதூர மாநிலங்களுக்குப் போனார்கள். இருப்பினும் அந்தப் பதினொரு வீடுகளோடு காரியம் நின்றுவிடவில்லை. ஜோ லேபன் பல்கலைக் கழகத்தின் மக்கள் கல்வித் துறைக்காக ஊர் ஊராகச் சென்று புதிய குழுக்களுக்கு வழிகாட்டினார். பின்வந்த ஆண்டுகளில் நோவா ஸ்கோஷியாவில் இம்முறையில் எழுந்த வீடுகள் ஆயிரக்கணக்கானவை. ஆர்னால்டு அம்மையார் 1940-ல் தாம்கின்ஸ்வில்லின் கதையை ஒரு சிறு நூலாக எழுதினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே கோடி அடிகள் தம் இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். தங்கள் விதிக்குத் தாங்களே தலைவர்கள் என்பது அதன் பெயரின் பொருள்.

இவற்றுக்கெல்லாம் பின்னணியில் திருத்தந்தை 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளர் நிலைபற்றி விடுத்த சுற்றுமடலும், அதன் நாற்பதாம் ஆண்டில், 1931-ல், 11-ம் பத்திநாதர் விடுத்த மடலும் இருந்தன. அம்மடல்கள் நம் கோயில்களிலும் வாசித்து விளக்கப்பட்டவையே. கான்சோவிலும் ரிசர்வ் மைன்ஸிலும் அவற்றை அடுப்படியில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதே வேறுபாடு.

தாம்கின்ஸ் அடிகள் 1953-ல் இறைவனடி சேர்ந்தார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு நினைவு தவறிவிட்டிருந்தது. கோடி அடிகள் 1959 ஜூலை 28-ல் மறைந்தார். அதே ஆண்டில் தூய சவேரியார் பல்கலைக் கழகம் அவர் பெயரால் ஓர் அனைத்துலக நிலையத்தைத் திறந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருவோர்க்குக் கூட்டுறவும் சமூகப் பணியும் அங்கே கற்பிக்கப்பட்டன. நம் இந்திய நாட்டிலிருந்தும் குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் அங்கே சென்று, அந்தப் பனிநாட்டில் தங்கிப் படித்துத் திரும்பியிருக்கிறார்கள்.